ஓதம் ஏறும் நேரத்தில் சுங்கை பூலோ

சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலத்துக்குப் பறவை பார்க்கப் போகலாமா என்று கேட்கிற நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது, கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்கிற ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள் என்பதுதான். மழை வருமா வராதா என்பதெல்லாம் அப்புறம், இங்கே அது எப்போது வேண்டுமானாலும் வரும். செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில், ஓதம் ஏறி உச்சம் தொடுகிற நேரம் காலை ஒன்பது பத்து மணிவாக்கில் அமைகிற ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, ஏழு மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போய்விட்டால் போதும், மற்றதைப் பறவைகள் பார்த்துக்கொள்ளும்.

காரணம் இதுதான். சற்றுக் கிழக்கே மண்டாய் கரையோரம் பெரிய சேற்றுவெளி ஒன்று இருக்கிறது. கடல் வற்றும்போது அது வெளியே தெரியும், வலசை வந்த கரைப்பறவைகள் எல்லாம் அங்கேதான் மேயும். ஓதம் ஏற ஏறச் சேறு மூழ்கும், நிற்க இடம் குறையும், கடைசியில் பறவைகள் கூட்டமாகக் கிளம்பிப் பக்கத்தில் ஆழமில்லாத தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே வந்து இறங்கும். அந்த இடம் சுங்கை பூலோவின் குட்டைகள். வெளியே கடல் நிறைந்திருக்கும் அதே நேரத்தில் இந்தக் குட்டைகளுக்குள் மட்டும் தண்ணீர் கணுக்கால் அளவில் நிற்கிறது என்றால், யாரோ ஒருவர் மதகை அடைத்து வைத்திருக்கிறார் என்று பொருள். இந்த நடையில் நான் பார்த்த பறவைகளை எவ்வளவு விரும்புகிறேனோ அவ்வளவு அந்த மதகுகளையும் விரும்புகிறேன். இந்தக் கட்டுரை பாதிக்கு மேல் அவற்றைப் பற்றித்தான் இருக்கும்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் வடமேற்கு மூலை, ஜோகூர் நீரிணைக் கரை. எதிர்க்கரையில் மலேசியாவின் ஜோகூர் பாரு நகரக் கட்டடங்கள் தெளிவாகத் தெரியும். 2002இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்த பரப்பு 130 ஹெக்டேர், நுழைவுக் கட்டணம் கிடையாது. கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 925ஆம் எண் பேருந்தைப் பிடிக்கலாம். உள்ளே மேடு பள்ளம் என்று பெரிதாக எதுவும் இல்லை, கொஞ்ச தூரம் மண்பாதை, கொஞ்ச தூரம் பலகைப் பாதை, வலசைப் பறவைப் பாதை என்று பெயர் வைத்திருக்கிற சுற்று ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். முட்டிவலிக்காரர்களும் நிதானமாக நடந்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் அவசியம், கொசுத் தைலம் அதைவிட அவசியம்.

இது ஆதியிலிருந்தே காடாக இருந்து காப்பாற்றப்பட்ட இடம் என்று வருகிறவர்களில் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இங்கே எறால் குட்டைகள் இருந்தன. அலையாத்திக் காட்டை வெட்டி, சேற்றை வாரி வரப்பு கட்டி, கடலோடு இணைகிற இடத்தில் மதகு வைத்த குட்டைகள். ஓதம் ஏறும்போது மதகைத் திறந்தால் தண்ணீரோடு எறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் தாமாக உள்ளே வரும். அடைத்து வைத்து வளரவிட்டு, கடல் வற்றுகிற நேரம் பார்த்து மதகில் வலையைக் கட்டித் திறந்துவிட்டால் தண்ணீர் வெளியே போகும், எறால் வலையில் நிற்கும். தீவனம், மருந்து, மோட்டார் எதுவும் இல்லாத பழைய முறை.

1986இல் அப்போதைய மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் இந்தப் பக்கம் வந்து பார்த்தபோது, குட்டைகளில் வலசைப் பறவைகள் கூட்டம் கூட்டமாக நின்றிருக்கின்றன. அந்தப் பகுதியை நவீன வேளாண் பூங்காவாக மாற்றும் திட்டம் இருந்த காலம் அது. சங்கத்துக்காரர்கள் வெறும் கோரிக்கை மனுவோடு நின்றுவிடாமல், எந்தப் பறவை எவ்வளவு வருகிறது, ஏன் இந்த இடத்தைக் காக்க வேண்டும், எப்படிக் காக்கலாம் என்று முறையான முன்மொழிவு எழுதி அரசிடம் கொடுத்தார்கள். 1989இல் இயற்கைப் பூங்கா என்று ஒதுக்கினார்கள், 1993 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், 2002இல் பரப்பைக் கூட்டிச் சட்டப்படி இயற்கைப் பாதுகாப்பு வனப்பகுதியாக அறிவித்தார்கள். ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கும் கணக்குப் பார்க்கிற ஊரில், ஒரு காலத்தில் தீவின் கரையெல்லாம் இருந்த அலையாத்திக் காட்டில் சொற்பமே மிஞ்சியிருக்கிற ஊரில், எந்த வருமானமும் தராத சேற்றுக் குட்டைகளுக்கு 130 ஹெக்டேர் கிடைத்தது பெரிய விஷயம். அந்த முன்மொழிவை உட்கார்ந்து எழுதியவர்களுக்கு நான் மனசார நன்றி சொல்கிறேன்.

அவர்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று, குட்டைகளை மூடிவிடாமல் விட்டது. பழைய வரப்புகள்தான் இன்று நாம் நடக்கிற பாதைகள். மதகுகளும் இருக்கின்றன. எறாலைப் பிடிக்க வைத்த அதே ஏற்பாட்டைத்தான் இப்போது பறவைகளுக்காக இயக்குகிறார்கள். ஒரு குட்டையில் தண்ணீரை இறக்கினால் சேறு தெரியும், குட்டைக்கால் பறவைகள் வரும். பக்கத்துக் குட்டையில் சற்று ஏற்றி வைத்தால் கொக்கும் நாரையும் நிற்கும். ஒரேயடியாக அடைத்து வைத்துவிட்டால் தண்ணீர் தேங்கிக் கெட்டுவிடும், புதுத் தண்ணீரோடு வருகிற புழுவும் நண்டுக்குஞ்சும் வராது, ஆகவே அவ்வப்போது கடலை உள்ளே விட்டு வெளியேற்றியாக வேண்டும்.

என் அம்மா முத்துப்பேட்டைப் பக்கத்துக்காரர். ஒருமுறை அவர் இங்கே வந்திருந்தபோது கூட்டிப்போனேன். பறவைகளைக் காட்டலாம் என்று தொலைநோக்கியைச் சரிசெய்து கொண்டிருந்தால், அவர் மதகுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"ஏம்பா, இது நம்ம ஊரு வாய்க்கா மாதிரியே இருக்கே. தண்ணி ஏறயில வுட்டு, வத்தயில வலை கட்டுறது?"

"ஆமாம்மா. முன்னாடி எறால் பிடிச்சாங்க. இப்ப பறவைக்காக."

"பறவைக்கா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். "அப்ப ராத்திரியில யாரு வந்து தொறப்பா?"

அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் கடற்கழியிலிருந்து காட்டுக்குள் கையால் வெட்டிய மீன்பிடி வாய்க்கால்கள் உண்டு. ஓதத்தோடு மீன் ஏறி வரும், வற்றும்போது வலையில் விழும். அந்த வாய்க்கால்களைத் தூர் வாரிப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தண்ணீர் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகும் என்பது நடுராத்திரியிலும் தெரியும். அம்மாவுக்கு இந்த இடம் உடனே பிடிபட்டது அதனால்தான். நாற்பது வகைப் பறவைகளின் பெயரை மனப்பாடம் செய்து வருகிறவர் பார்க்கத் தவறுகிற ஒன்றை அவர் நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டார்.

சரி, நடைக்கு வருவோம். நியோ தியூ சாலைப் பக்கத்து வாசல் வழியாகப் போனால் முதலில் ஆற்றுக்கு மேல் ஒரு பாலம். அங்கே எப்போதும் சிறு கூட்டம் நிற்கும், எல்லோரும் தண்ணீரைப் பார்ப்பார்கள், ஏனென்றால் கீழே உவர்நீர் முதலை வரும். வந்தால் பார்க்க வேண்டியதுதான், அவ்வளவு பெரிய உயிரினம் ஒரு நகரத்துக்குள் சுதந்திரமாக நீந்துவதை வேறு எங்கே பார்ப்பது. ஆனால் அதற்காகவே ஒரு மணி நேரம் பாலத்தில் காத்திருந்துவிட்டு ஓதம் இறங்கிய பிறகு குட்டைப் பக்கம் போகிறவர்களைப் பார்க்கையில் எனக்கு வருத்தமாக இருக்கும். பாதையில் உடும்புகள் குறுக்கே படுத்திருக்கும், ஆள் நீளம் இருக்கும் சில, அவை எழுந்து போகும்வரை நின்று போங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் ஒன்று கண்ணில் படும். சிங்கப்பூரில் அற்றுப்போயிருந்த நீர்நாய்கள் 1990களின் இறுதியில் திரும்பி வந்தபோது தங்கிய இடம் சுங்கை பூலோ, இன்று நகரின் நடுவில் ஓடுகிற ஆறுகள்வரை பரவிவிட்டன.

பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெரிய மறைவுக் குடில் வரும். மரத்தால் கட்டியது, குட்டையைப் பார்த்தபடி நீளமான திறப்பு, உட்காரப் பலகை. நான் யாரைக் கூட்டிப்போனாலும் இங்கேயே உட்கார வைத்துவிடுவேன். மொத்தச் சுற்றையும் முடிக்க வேண்டும் என்று யாரும் நம்மை விரட்டவில்லை. ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் அமர்ந்தால், நடந்துகொண்டே இருந்தால் கிடைக்காத எல்லாம் கிடைக்கும்.

முதல் பார்வைக்குச் சேறு வெறுமையாகத் தெரியும். பழுப்பு மேல் பழுப்பு. அப்புறம் ஒரு சேற்றுக்கட்டி நகரும். பார்த்தால் உப்புக்கொத்தி. பசிபிக் பொன்னிற உப்புக்கொத்தி என்கிற இந்தப் பறவைக்கு முதுகெல்லாம் பொன் பொட்டு, கண் பெரியது, மேய்கிற விதமும் தனி. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். கண்ணால் தேடி இரை பிடிக்கிற பறவை என்பதால் அந்த நடை. பக்கத்தில் பவளக்காலி, பெயருக்கேற்ற சிவந்த கால், அலகைச் சேற்றில் குத்திக் குத்திப் போகும், நூறு நூற்றைம்பது கிராம் எடைதான் இருக்கும். இன்னும் கொஞ்சம் ஆழத்தில் பச்சைக்காலி, அலகு லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். கோட்டானுக்கு (ஆந்தையை அல்ல, அதே பெயருள்ள கரைப்பறவையைச் சொல்கிறேன்) அலகு நேர்மாறாகக் கீழ்நோக்கி வளைந்து நீண்டது, நண்டு வளைக்குள் விட்டு இழுத்துவிடும். கோட்டான்கள் சில சமயம் சேற்றில் நிற்காமல் அலையாத்தி மரக் கிளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும், முதல்முறை பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.

கால் நீளமும் அலகு நீளமும் தண்ணீரின் ஆழத்தோடு எப்படிப் பொருந்துகின்றன என்பதை இங்கே உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். கரையோரம் உப்புக்கொத்தி, அடுத்து பவளக்காலி, அடுத்து பச்சைக்காலி, நடுவில் வெண்கொக்கு, இன்னும் ஆழத்தில் சாம்பல் நாரை. தண்ணீர் ஒரு சாண் ஏறினால் இந்த வரிசை முழுவதும் இடம் மாறும், கரையில் நின்றவை பறந்துவிடும். மதகில் ஒரு பலகை கூடுதலா குறைவா என்பது எத்தனை உயிர்களின் விஷயம் என்று அப்போது புரியும். வலசைக் காலத்தில் தண்ணீரை எந்த மட்டத்தில் நிறுத்துவது என்று முடிவெடுக்கிறவரின் வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நாரைகளில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளையாக, மஞ்சள் அலகோடு நிற்பது பால்வண்ண நாரை, தென்கிழக்கு ஆசியாவுக்கே உரிய அரிய பறவை. ஆனால் இங்கே நிற்பவற்றில் பல கலப்பு. நம் வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூடு கட்டுகிற மஞ்சள் மூக்கு நாரை இதற்கு நெருங்கிய உறவு, விலங்குத் தோட்டத்தில் சுதந்திரமாக விடப்பட்ட அவையும் இவையும் இணைந்துவிட்டன. சிறகு ஓரத்தில் லேசான இளஞ்சிவப்பு தெரிந்தால் சந்தேகப்படலாம். மீட்டெடுப்பு என்று வரும்போது இப்படி எளிதில் அவிழ்க்க முடியாத முடிச்சுகளும் உண்டு.

சில பறவைகளின் காலில் சிறிய வண்ணப் பட்டை இருக்கும். தேசியப் பூங்காக் கழகத்தின் ஆய்வாளர்கள் பிடித்து அளவெடுத்துப் பட்டை கட்டி விடுகிறார்கள், சிலவற்றின் முதுகில் மிகச் சிறிய பின்தொடர் கருவியும் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் இருப்பது கிழக்கு ஆசிய ஆஸ்திரலேசிய வலசைப் பாதையில். சைபீரியா, அலாஸ்கா தொடங்கி ஆஸ்திரேலியா, நியூசிலாந்துவரை போகிற பாதை, ஐந்து கோடிக்கு மேல் நீர்ப்பறவைகள் பயன்படுத்துவது. இங்கே வருகிறவை எல்லாம் சீனக் கடற்கரையை ஒட்டி வடக்கே போகின்றன என்றுதான் நினைத்திருந்தார்கள். கருவி கட்டிப் பார்த்ததில் இங்கிருந்து போன பவளக்காலிகளில் சில இமயமலையைத் தாண்டித் திபெத் பீடபூமிக்குப் போனது தெரிந்தது. கோடியக்கரைக்கு வருகிற பறவைகள் பயன்படுத்துகிற மத்திய ஆசியப் பாதையோடும் இந்தக் குட்டைகளுக்குத் தொடர்பு இருக்கிறது என்று அதனால் அறிந்தோம். ஒரு கைப்பிடி எடையுள்ள பறவை இமயத்தைத் தாண்டுகிறது, தாண்டுவதற்கான கொழுப்பை இந்தப் பக்கத்துச் சேற்றிலிருந்துதான் சேர்த்துக்கொள்கிறது. மார்ச் மாதம் போனால் பறவைகள் உருண்டு திரண்டிருப்பது கண்ணுக்கே தெரியும், உப்புக்கொத்திகளின் வயிறு கறுக்கத் தொடங்கியிருக்கும், அது இனப்பெருக்கக் காலத்து உடுப்பு.

இதில் ஒரு கவலையும் இருக்கிறது. சுங்கை பூலோவை எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் பறவை எண்ணிக்கை இங்கே மட்டும் தீர்மானமாவதில்லை. வடக்கே போகிற பறவைகள் நடுவில் இறங்கித் தின்று இளைப்பாறுவது சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலின் சேற்றுவெளிகளில். அரை நூற்றாண்டில் அந்தச் சேற்றுவெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது, கடலைத் தூர்த்துத் தொழிற்சாலையும் துறைமுகமும் கட்டிவிட்டார்கள். மிச்சமிருப்பதில் சீனப் பக்கத்துக் கரையில் ஒரு பகுதிக்கு 2019இலும் கொரியக் கரையில் ஒரு பகுதிக்கு 2021இலும் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்திருக்கிறது. அந்த இரண்டு செய்திகளையும் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, நம் ஊர் ஏரி ஒன்று நிரம்பிய செய்தியைக் கேட்டது போல இருந்தது.

குடிலை விட்டு எழுந்தால் மிச்சச் சுற்று வேகமாக முடியும். பதினெட்டு மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இருக்கிறது, ஏறினால் குட்டைகள், வரப்புகள், நீரிணை எல்லாம் ஒருசேரத் தெரியும், பழைய எறால் பண்ணையின் வடிவம் அங்கிருந்துதான் நன்றாகப் புலப்படும். அலையாத்திக்குள் போகிற பலகைப் பாதை குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். சேற்றுத்தாவி மீன்கள் கண்ணை மேலே தூக்கிக்கொண்டு சேற்றில் துள்ளும், நண்டுகள் மரத்தில் ஏறும், தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்துகிற வில்லாள மீனும் நிழலில் நிற்கும். வெண்கழுத்து மீன்கொத்தியின் சத்தம் வழியெல்லாம் கேட்கும்.

அலையாத்தி என்றதும் ஒன்று. குட்டைகளுக்குள் தண்ணீர் வடிந்த சேற்றில் அலையாத்திக் கன்றுகள் தாமாக முளைக்கும். அப்படியே விட்டால் சில ஆண்டுகளில் குட்டை காடாகிவிடும், காடு நல்லதுதான், ஆனால் திறந்த சேறு இல்லாவிட்டால் கரைப்பறவை இறங்காது, எதிரி வருவது தெரியாத இடத்தில் அது நிற்காது. ஆகவே குட்டைக்குள் கன்றைப் பிடுங்க வேண்டும், கரையில் கன்றைக் காக்க வேண்டும். இயற்கையை அதன் போக்கில் விட்டுவிட்டால் போதும் என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். மனிதர் ஒருமுறை வரப்பு கட்டிவிட்ட இடத்தில் அதன் போக்கு எது? யாராவது பொறுப்பெடுத்து முடிவு செய்து, அந்த முடிவைத் தினமும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இதை அறிந்து செய்திருக்கிறார்கள். பிச்சாவரத்தில் அலையாத்தி அழிந்துபோன இடங்களில் வெறுமனே கன்று நட்டால் பிழைக்கவில்லை. பழைய காலத்தில் மொத்தமாக வெட்டப்பட்ட பகுதிகள் குழிந்து, உள்ளே வந்த ஓதத் தண்ணீர் வெளியேற முடியாமல் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறிப் போயிருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி ஓதம் வந்து போக வழி செய்தார்கள், அதன்பிறகு நட்டது பிடித்துக்கொண்டது. முத்துப்பேட்டையிலும் அதே முறை. 1996இல் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த எறால் பண்ணைகளை அகற்றச் சொன்ன தீர்ப்பு நினைவிருக்கும். எங்கள் பக்கம் ஓதத்தை மறித்துக் கரை போட்ட, இப்போது யாரும் பயன்படுத்தாத எறால் குட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம், இதில் நாலு குட்டைக்கு மதகு வைத்துத் தண்ணீரை ஏற்றி இறக்கிப் பார்த்தால் என்ன என்று தோன்றும். தண்ணீரை அறிந்த ஆட்கள் அந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள், கூலி கொடுத்து அவர்களிடமே ஒப்படைக்கலாம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மறைவுக் குடிலில் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள், கைபேசியை ஒலியில்லாமல் வையுங்கள், பளிச்சென்ற சட்டை வேண்டாம். எட்டு மடங்கு தொலைநோக்கி தாராளமாகப் போதும். உள்ளே சாப்பாடு கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் கிராஞ்சியிலேயே பசியாறிவிட்டுப் போங்கள். குரங்குகள் இருப்பதால் பையில் பிளாஸ்டிக் சத்தம் வரக்கூடாது. குழந்தைகளோடு போனால் பலகைப் பாதையை முதலில் முடித்துவிட்டுக் குடிலுக்கு வாருங்கள், ஓடி முடித்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் அமைதியாக உட்காருவார்கள். மே, ஜூன் மாதங்களில் வலசைப் பறவைகள் இருக்காது, கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் உடும்பும் இருக்கும், அதுவும் நல்ல நடைதான். பெற்றோர் ஊரிலிருந்து வருவதாக இருந்தால் டிசம்பர், ஜனவரியில் ஒரு காலையை இதற்கென்று ஒதுக்குங்கள், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம்.